கிட்டப்போய் அடிப்பது எப்படி?

டயாப்லோ 2 விளையாட்டைத் திறந்ததும் ஒரு நெருப்பைச் சுற்றி ஏழு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். (2000-ல் விளையாட்டு வெளிவந்தபோது ஐந்து பேர்தான். அடுத்த ஆண்டு லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் என்ற கூடுதல் பாகம் வந்தபோது இருவர் சேர்ந்துகொண்டார்கள்.) சோர்சரஸ் என்று ஒருத்தி, கையசைத்தால் தீ மழை பொழியும். ஒருத்தி வில் வைத்திருக்கிறாள். வெளுத்த முகத்துக்காரர் ஒருவர் செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குவார், தான் பின்னால் நின்று மேற்பார்வை பார்ப்பார். இவர்களுக்கு நடுவே, வாசல் நிலையில் தோள் இடிக்கிற உடம்போடு ஒரு மனிதர் நிற்கிறார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அதன் பக்கத்தில் போய் நிற்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தீர்வு. பார்பேரியன். இத்தனை பேர் இருக்க உங்கள் கிளிக் அவர் மேல் விழுந்திருக்கிறது. ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனது ஆயிற்று, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் உங்கள் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அடிப்பது என்று நினைத்திருப்பீர்கள். அடிப்பது கடைசியில் வருகிற சின்ன வேலை. உங்கள் வேலை போவது. திரையின் ஓரத்தில் ஓர் அரக்கனின் தலை தெரிகிறது. சோர்சரஸ் அவனைப் பார்த்த இடத்திலேயே நின்று கொளுத்திவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவாள். நீங்களோ பார்க்க வேண்டும், புறப்பட வேண்டும், வழியில் வருகிற அம்புகளை எல்லாம் மேலே வாங்கிக்கொள்ள வேண்டும், போய்ச் சேர வேண்டும். போய்ச் சேரும்போது அவன் அங்கேயே இருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை உங்கள் கையில் இல்லை.

முதல் பாடம் முகாமுக்கு வெளியே, பிளட் மூரிலேயே தொடங்கிவிடும். ஃபாலன் என்று சிவப்பாக, குள்ளமாக ஒரு கூட்டம் வரும். ஒருவனைச் சாய்த்தால் மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். கொஞ்ச தூரம் போய், மனசு மாறி, திரும்பி வருவார்கள். மறுபடி ஒருவன் சாய்வான், மறுபடி ஓட்டம். டென் ஆஃப் ஈவில் குகைக்குள் போனால் இதே கூட்டத்துக்குக் கோல் பிடித்த ஷாமன் ஒருவன் இருப்பான். நீங்கள் மூன்றாமவனைத் துரத்துகிற நேரத்தில் அவன் முதலாமவனை எழுப்பி உட்கார வைத்திருப்பான். ஷாமனை முதலில் கொல் என்பது எல்லாக் கையேடுகளிலும் உள்ள அறிவுரை. சரியான அறிவுரைதான். ஷாமன் கூட்டத்துக்குப் பின்னால்தான் நிற்பான் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு, விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நார்த் காரர்கள் யோசித்துத் தந்திருக்கும் ஆரம்ப ஸ்கில்களைப் பாருங்கள். பேஷ் என்று ஒன்று. ஓங்கி அடிப்பது. அடி பட்டதும் எதிரி பின்னுக்குத் தள்ளப்படுவான். அதாவது இவ்வளவு பாடுபட்டு நீங்கள் கடந்து வந்த தூரத்தில் ஒரு பங்கு திரும்பவும் நடுவே முளைக்கும். ஹவுல் என்று இன்னொன்று. நீங்கள் ஊளையிட்டால் சுற்றியிருக்கும் அரக்கர்கள் பயந்து நாலாபக்கமும் ஓடுவார்கள். ஓடியவர்களைப் பிறகு யார் போய்ப் பிடிப்பது? ஆறாவது லெவலில் லீப் வருகிறது. ஒரே தாவலில் எதிரிகள் நடுவே போய் இறங்கலாம் என்று மனம் துள்ளும். இறங்கிய அதிர்ச்சியில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் தள்ளிப் போய் விழுவார்கள். அரக்கர்களை எட்டவே வைப்பதற்கு இத்தனை ஸ்கில் கொடுத்தவர்கள், கிட்டே வரவழைக்க டான்ட் என்று ஒன்றே ஒன்று கொடுத்தார்கள். அதையும் நம்மில் பெரும்பாலோர் ஒரு புள்ளி போட்டு மறந்துவிடுகிறோம். திட்டித்தான் ஆளைக் கூப்பிட வேண்டும் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்.

நடக்கலாமா, ஓடலாமா என்று அடுத்த கேள்வி வரும். முதல் டயாப்லோவில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே ஓட்டமே கிடையாது. வாரியர் சுடுகாட்டுக்குள்ளும் நிதானமாகத்தான் நடந்து போவார். (அந்த வாரியருக்கென்று தந்த தனித்திறமை, ஆயுதத்தைத் தானே பழுதுபார்த்துக்கொள்வது. பழுதுபார்க்கப் பார்க்க ஆயுதத்தின் மொத்த ஆயுள் குறைந்துகொண்டே வரும். கிட்டப்போய் அடிப்பவர்களிடம் இந்த விளையாட்டுத் தொடருக்கு அன்றிலிருந்தே ஏதோ ஒரு மனஸ்தாபம் இருந்திருக்கிறது.) இரண்டாம் பாகத்தில் ஓடலாம். ஆனால் ஓடுகிற வரைக்கும் உங்கள் டிஃபென்ஸ் பூஜ்யம். தங்கம் தங்கமாகச் செலவழித்து மாட்டிய கவசம் எல்லாம் அந்த நேரத்தில் வெறும் அலங்காரம். நடந்து போனால் கவசம் வேலை செய்யும், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட இருப்பவர்கள் மொத்த அறையையும் முடித்திருப்பார்கள். எனவே ஓடுங்கள். நடந்து போகும் பார்பேரியனைப் பார்த்தால், ஸ்டாமினா தீர்ந்துபோனவர் என்று அர்த்தம்.

லெவலுக்கு ஐந்து புள்ளிகள் தருவார்கள். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, வைட்டாலிட்டி, எனர்ஜி என்று நான்கு இடத்தில் போடலாம். பார்பேரியன் பிறக்கும்போது அவை முறையே 30, 20, 25, 10. எனர்ஜி பத்து என்பது அவருடைய குணம், அதை மாற்றப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரெங்த்தில் போட்டால் அடி பலமாகும் என்பார்கள். ஆகும், கொஞ்சம். ஆனால் அது முக்கியமாக இரும்பைச் சுமப்பதற்கு. மாட்ட வேண்டிய கவசம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை வைட்டாலிட்டியில் கொட்டுங்கள். ஒரு புள்ளிக்கு நான்கு லைஃப். சோர்சரஸுக்கு இரண்டுதான், வேறு எந்த கிளாஸுக்கும் நான்கு கிடையாது. இந்தச் சலுகையை ஏன் கொடுத்தார்கள் என்று மட்டும் யோசிக்க வேண்டாம், தூக்கம் கெடும்.

டெக்ஸ்டெரிட்டி, குறி தவறாமல் இருக்க. ஆள் பக்கத்தில்தானே நிற்கிறான், குறி எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே ஒரு பகடை உருள்கிறது. அட்டாக் ரேட்டிங்கை எவ்வளவு ஏற்றினாலும் அடி படும் வாய்ப்பு 95 சதவீதத்தைத் தாண்டாது, எவ்வளவு கேவலமாக இருந்தாலும் 5-க்குக் கீழே இறங்காது. ஆகவே உலகத்திலேயே தேர்ந்த பார்பேரியனும், மூச்சு மேலே படுகிற தூரத்தில் நிற்கும் ஒரு மாட்டை இருபதுக்கு ஒருமுறை தவறவிடுவார். (மாடு என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு காலில் நின்று நீண்ட கோடரி பிடிக்கும் மாடுகளுக்கென்றே இங்கே ஒரு ரகசிய லெவல் உண்டு.) தூரத்தில் நின்று சோர்சரஸ் எறிகிற தீக்கோளத்துக்கு இந்தப் பகடை இல்லை. பட்டால் பட்டதுதான்.

ஆயுத விஷயத்திலும் அவளோடு ஒப்பிட்டுப் பார்த்து வயிறெரியாதீர்கள். அவள் சக்தி அவள் கற்ற ஸ்கில்லில் இருக்கிறது. உங்கள் சக்தி கையில் இருக்கிற இரும்பில் இருக்கிறது. நேற்று கிடைத்த கோடரி எவ்வளவோ அவ்வளவுதான் இன்று நீங்கள். அந்தக் கோடரியும் அடிக்க அடிக்கத் தேயும், அடி வாங்க வாங்கக் கவசமும் தேயும். ஒவ்வொரு முறை ஊருக்குத் திரும்பும்போதும் சார்சியிடமோ வேறு கொல்லரிடமோ பணம் அழ வேண்டும். பையில் இருப்பது பத்துக்கு நாலு, 40 கட்டம். ஒரு மார்புக் கவசம் 6 கட்டம் பிடிக்கும். கிரேட் ஆக்ஸ் 8. ஐந்து கோடரியில் பை முடிந்தது. பார்பேரியனுக்கு மட்டும் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டிய வாளை ஒரே கையில் பிடிக்கும் பாக்கியம் உண்டு. அதனால் அவருக்கு எப்போதும் இரண்டு வாள் வேண்டும், அதனால் பையில் எப்போதும் இடம் இருக்காது.

கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆக்டில், லுட் கோலேனில் கிரெய்ஸிடம் ஈட்டிக்காரர்கள் கிடைப்பார்கள். மைட் ஆரா உள்ளவராகப் பார்த்து எடுத்தால் உங்கள் அடியும் கூடும். அவர் அடிக்கடி செத்துப்போவார். பணம் கட்டி எழுப்பிக்கொள்ளலாம்.

அதே இரண்டாம் ஆக்டின் முடிவில் டால் ராஷாவின் கல்லறைக்குள் இறங்கினால், வாழ்நாளெல்லாம் பிறரைத் தேடிப் போன உங்களைத் தேடிக்கொண்டு முதன்முறையாக ஒருவர் வருவார். அவர் பெயர் டூரியல். உருவத்தில் கொழுத்த பெரிய புழு, கைகள் இரண்டும் அரிவாள். அறையும் சின்னது, நகர்ந்தால் சுவர். பழைய கம்ப்யூட்டரில் விளையாடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளே நுழைந்ததும் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடும், திரை வரக் காத்திருப்போம், வரும்போது நாம் செத்துக் கிடப்போம். டூரியல் மட்டும் அந்த லோடிங் நேரத்தை வீணாக்காமல் வேலையைத் தொடங்கியிருப்பார். அவரைச் சுற்றி ஹோலி ஃப்ரீஸ் என்றொரு குளிர் வேறு. உங்கள் கை மெல்ல மெல்லத்தான் எழும். தாயிங் போஷன் நாலைந்து குடித்துவிட்டுப் போங்கள், குளிர் கொஞ்சம் தாங்கும். இடுப்பு வார் நிறைய லைஃப் போஷன். உள்ளே போனதும் முதல் வேலையாக டவுன் போர்ட்டலைத் திறந்துவிடுங்கள். வீரத்துக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால், அவர் வில் வைத்திருப்பார்.

மூன்றாம் ஆக்டில் பொம்மைகள். டியூரன்ஸ் ஆஃப் ஹேட் சுரங்கத்தில் முழங்கால் உயரத்துக்கு எலும்பும் தோலுமாகக் கத்தியோடு ஓடிவரும். உயிரோடு இருக்கும்போது ஒரு தொல்லை என்றால் சாகும்போது இரண்டு. செத்ததும் வெடிக்கும். வில்லும் மந்திரமும் வைத்திருப்பவர்களுக்கு அது தூரத்து வாணவேடிக்கை. நீங்கள் அந்த வாணத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர். எட்டு பொம்மைகள் சூழ்ந்து நிற்க நீங்கள் ஒரே வீச்சில் எட்டையும் சாய்த்தீர்கள் என்றால் அது உங்கள் திறமை. பிறகு நடப்பதற்கும் அதே திறமைதான் பொறுப்பு. ஊளையிட்டு விரட்டிவிட்டு வேறு வழியாகப் போவது நல்லது. ஹவுலைக் குறை சொன்னேன் அல்லவா, அதன் உண்மையான பயன் இதுதான்.

செத்தால் என்ன செய்வது? உங்கள் உடல், உடுத்தியிருந்த அத்தனையுடனும், விழுந்த இடத்திலேயே கிடக்கும். நீங்கள் வெறும் உடம்போடு ஊரில் எழுவீர்கள். போய் உடலை எடுத்து வர வேண்டும். அது யாருடைய காலடியில் கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோர்சரஸ் கோவணத்தோடு போனாலும் அவள் கையில் தீ இருக்கும். உங்களிடம் இருப்பது முஷ்டி. இங்கேதான் ஒரு கவுரவப் பிரச்சினை எழும்: மார்பில் புண் பட்டுச் சாவதுதான் வீரம், புறமுதுகு காட்டலாமா? காட்டலாம். சேவ் அண்ட் எக்ஸிட்டை அழுத்தி வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால் உடல் ஊருக்குள் தானாகவே வந்து கிடக்கும். யாரும் பார்க்கப்போவதில்லை. ஹார்ட்கோரில் விளையாடுகிறீர்கள் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கில்லை. அங்கே ஒரே உயிர், உடலை எடுக்கப் போகும் பிரச்சினை எழாது.

முப்பதாவது லெவலில் வேர்ல்விண்ட் கிடைக்கும். இதற்காகத்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தோம். ஓரிடத்தைச் சுட்டினால் போதும், பார்பேரியன் பம்பரமாகச் சுழன்றுகொண்டே எதிரிகளை ஊடுருவி அங்கே போய்ச் சேர்வார். போவதும் அடிப்பதும் ஒரே காரியமாகிவிடுகிற அந்தத் தருணத்தில் உங்களுக்கு இந்த கிளாஸின் மேல் வந்த கோபமெல்லாம் போய்விடும். ஒரே ஒரு விதி: சுழல ஆரம்பித்தால் சுட்டிய இடம் வரும்வரை நிறுத்த முடியாது.

நான்காம் ஆக்டின் கேயாஸ் சாங்க்சுவரியில் ஒப்ளிவியன் நைட்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள், ஆனால் அன்று அவர்களிடம் அயர்ன் மெய்டன் என்றொரு சாபம் இருந்தது. அது மேலே விழுந்தால், கிட்டப்போய் நீங்கள் கொடுக்கும் அடி ஒவ்வொன்றும் பெருகி உங்களுக்கே திரும்பி வரும். கவனியுங்கள், கிட்டப்போய் அடித்தால் மட்டும். அம்பு விட்டவளுக்கும் தீ எறிந்தவளுக்கும் ஒன்றும் ஆகாது. இனி வேர்ல்விண்டையும் இந்தச் சாபத்தையும் சேர்த்துப் பாருங்கள். பத்து நைட்கள் நிற்கிறார்கள், நீங்கள் மகிழ்ச்சியாகச் சுழல ஆரம்பித்துவிட்டீர்கள், பாதி வழியில் தலைக்கு மேல் சாபத்தின் அடையாளம் மினுக்குகிறது. நிறுத்த முடியாது. உலகத்திலேயே பலமான அடி அடிக்கும் ஒருவர் உங்களைக் கொன்றுவிட்டார், அது நீங்கள்தான். நல்ல ஆயுதம் வைத்திருப்பவர் முதலில் சாவார். சுமாரான ஆயுதம் வைத்திருப்பவருக்கு யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். கூலி வாங்கிக்கொண்டு வந்த ஈட்டிக்காரரும் எந்த யோசனையும் இல்லாமல் குத்திக் குத்தித் தன்னைத்தானே முடித்துக்கொள்வார். அன்று கைவசம் இருந்த ஒரே நல்ல அறிவுரை, சாபம் விழுந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அடி வாங்குங்கள் என்பது. 2010-ல் வந்த 1.13 பேட்சில்தான் அந்த நைட்களிடமிருந்து இந்தச் சாபத்தைப் பிடுங்கினார்கள். 2021-ல் வெளிவந்த ரிசரெக்டட் மறுபதிப்பில் விளையாடுபவர்களுக்கு இது தேவையில்லாத தகவல். ஆனாலும் பெரியவர்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெல் டிஃபிகல்ட்டிக்கு வந்தால் அடியே படாத ஆசாமிகளைச் சந்திப்பீர்கள். ஃபிசிக்கல் இம்யூன் என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கும். ஆவிகள் பலருக்கு இந்த வசதி உண்டு. பெர்சர்க் என்ற ஸ்கில் உங்கள் அடியை மேஜிக் அடியாக மாற்றிக் கொடுக்கும், அவர்களுக்கும் வலிக்கும். பதிலுக்கு உங்கள் டிஃபென்ஸ் பூஜ்யமாகும். ஓடி ஓடிப் பழகியவருக்கு இது ஒரு இழப்பா? எதிரியின் ரத்தத்தை உறிஞ்சி உயிர் பிழைக்கும் லீச் இங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எலும்புக்கூடுகளிடம் அதுவும் இல்லை, உறிஞ்ச ஒன்றுமில்லையே.

பார்ட்டியில் விளையாடும்போது உங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. பார்பேரியன் கத்தும் பேட்டில் ஆர்டர்ஸால் பார்ட்டியில் இருக்கும் எல்லோருக்கும் லைஃபும் மானாவும் கூடும். அதனால் நீங்கள் உள்ளே வந்ததுமே சூழ்ந்துகொள்வார்கள். கல்யாண வீட்டில் வயசான தாத்தாவிடம் வரிசையாக விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு பந்திக்கு ஓடுவார்களே, அப்படித்தான். நீங்கள் கத்தி முடித்து நிமிர்ந்தால் ஆளே இருக்காது. அந்த மரியாதையும் நீடிக்கவில்லை. கால் டு ஆர்ம்ஸ் என்ற ரூன்வேர்ட் ஆயுதம் வந்த பிறகு அதைக் கையில் எடுத்து யார் வேண்டுமானாலும் பேட்டில் ஆர்டர்ஸ் கத்திக்கொள்கிறார்கள். தாத்தா இல்லாமலே கல்யாணம் நடக்கிறது.

பதிலடியாக நாமும் ஒன்றைத் திருடிக்கொண்டோம். ஜா, இத், பெர் என்ற மூன்று ரூன்களை ஒரு மார்புக் கவசத்தில் பதித்தால் எனிக்மா. அதை மாட்டிய யாரும் டெலிபோர்ட் செய்யலாம். சோர்சரஸ் 18-வது லெவலிலேயே கற்றுக்கொள்ளும் விஷயம்தான். பார்பேரியன் அதற்கு 65-வது லெவல் வரை காத்திருந்து, மொத்தம் உள்ள 33 ரூன்களில் முப்பதாவதையும் முப்பத்தொன்றாவதையும் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைப்பதற்குள் தலை நரைத்துவிடும். கிடைத்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் எங்கேயும் நடந்து போக வேண்டியதில்லை. போவதுதான் உங்கள் வேலை என்று ஆரம்பத்தில் சொன்னவன் நான். எனக்கும் எனிக்மா கிடைத்தால் மாட்டிக்கொள்வேன்.

கடைசியாக லூட். மூன்றாம் ஆக்டின் முடிவில் இருக்கும் மெஃபிஸ்டோவை அடிக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். அவர் அறையில் ஓர் அகழி இருக்கிறது. சோர்சரஸ் டெலிபோர்ட் ஆகி அகழிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கடக்கத் தெரியாமல் தவிக்கும் மெஃபிஸ்டோவைச் சாவகாசமாகச் சுடுவாள். நீங்கள் வழக்கம்போல் அவர் மூக்குக்கு நேரே நின்று வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ஆனால் அவர் சரிகிற நொடியில் பொருள்கள் கொட்டுவது அவர் காலடியில். அங்கே நிற்பது யார்? இந்த விளையாட்டில் கீழே விழுந்தது முதலில் எடுத்தவருக்கு. அவளிடம் டெலிகினிசிஸ் இருக்கிறது, தங்கத்தையும் போஷனையும் தூரத்திலிருந்தே இழுத்துக்கொள்வாள், போகட்டும். மோதிரத்தையும் கவசத்தையும் அப்படி எடுக்க முடியாது. எழுந்து வர வேண்டும்.

ஆல்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள், பெயர்கள் தெரியும். பொன்னிறத்தில் ஒரு மோதிரம். கிளிக். பை நிரம்பியிருப்பதால் மோதிரம் எகிறிக் குதித்துவிட்டு மறுபடி தரையிலேயே விழும். இன்னொரு கிளிக், இன்னொரு குதி. அகழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சோர்சரஸ் அதற்குள் வந்துவிடுவாள், அவளுக்கு அது ஒரு கிளிக் தூரம். ஆகவே உள்ளே நுழைவதற்கு முன்பே எந்தக் கோடரியைத் தூக்கி எறிவது என்று முடிவுசெய்து வையுங்கள். அவசரத்தில் ஹொராட்ரிக் கியூபை எறிந்துவிடாதீர்கள். அது பையில் 4 கட்டம் பிடிக்கும், உள்ளே 12 கட்டம் கொள்ளும். அதற்குள்ளும் ஒரு கோடரி இருக்கிறதா என்று பாருங்கள்.